மோக்கா ஆவணக் காப்பகம்: பெயரை விட எண் முக்கியம்

என் மாமியாரின் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரர் என்று தேடி, மொரீஷியஸின் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்துக்குள் இருக்கும் இந்தியக் குடியேற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன்.

வெறும் பெயரோடு போனால் வேலை நடக்காது. இந்தத் தீவில் ராமசாமிக்கும் முத்துசாமிக்கும் பஞ்சமே இல்லை. அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் அத்தையின் பிறப்புச் சான்றிதழ், அவர் அப்பாவின் திருமணப் பதிவு, தாத்தாவின் பிறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாக முன்பே வாங்கிவைத்தோம். தாத்தாவின் பதிவில், அவருடைய அப்பா பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தது. ஒப்பந்தக் கூலியாக வந்து இறங்கியவர்களுக்குக் கொடுத்த குடியேற்ற எண் அது. அதைக் காட்டியதும் பதிவேட்டில் அவருடைய வரி கிடைத்துவிட்டது.

ஒரே வரிதான், ஆனால் என்னென்ன இருந்தது தெரியுமா? கப்பல், வந்த ஆண்டு 1860, வயது 22, தகப்பன் பெயர், சாதி, உயரம், இடது புருவத்துத் தழும்பு, எந்தக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பது வரை. அத்தைக்குத் தமிழ் அவ்வளவாக வராது, இந்தத் தீவின் கிரியோல் மொழிதான். தழும்பைப் பற்றிச் சொன்னதும் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

படம் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 1860களில்தான் படம் எடுக்கும் வழக்கம் வந்தது. 1867 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தவர்கள் படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் போலீஸ் பிடிக்கும். இன்று பேரப்பிள்ளைகள் ஃபிரேம் போட்டு மாட்டுகிற படங்களில் பலவும் அப்படிக் கண்காணிப்புக்காக எடுத்தவைதான்.

நான் ஒரு நட்சத்திரம் குறைத்தது ஊர் விஷயத்தில். ஜில்லா தஞ்சாவூர் என்பது தெளிவு. கிராமம்? நான் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள், எனக்கே பிடிபடவில்லை. திருப்பனந்தாளாகவும் இருக்கலாம், திருப்புறம்பியமாகவும் இருக்கலாம். 160 ஆண்டுக்கு முந்தைய கையெழுத்துக்குக் காப்பக ஊழியர்கள் என்ன செய்வார்கள், பாவம். ஆனாலும் ஊர் தேடிப் போகிறவர்களுக்கு அதுதானே முக்கியம்! தகப்பன் பெயருக்கு மேலேயும் இந்தப் பதிவேட்டில் போக முடியாது.

மொரீஷியஸில் இருக்கும் ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினர் வரை ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை பெறலாம் என்று 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. அதற்காகத் தேடுகிறவர்களும் குடும்பப் பதிவுகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போவது நல்லது. உங்கள் முன்னோர் இந்தத் தீவைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கொத்தனார், தச்சர் வகை என்றால் மோக்காவுக்கு அலைய வேண்டாம். இந்தப் பதிவேடுகள் 1834இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர்களுடையவை. நீங்கள் மொரீஷியஸ் தேசிய ஆவணக் காப்பகத்திலும் பழைய தேவாலயப் பதிவுகளிலும் பாருங்கள்.