கூடைப்பந்தில் பழைய என்பிஏ ரசிகருக்கு இனி எது ஒத்துவரும்: அமெரிக்காவின் என்பிஏவா, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோலீக்கா?

தொண்ணூறுகளிலிருந்து என்பிஏ பார்த்தவர்களிடம் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டால் முதலில் த்ரீ பாயிண்டரைத்தான், அதாவது தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுப்பதைத்தான், திட்டுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 1997-98 சீசனில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 13 த்ரீகூட முயலவில்லை, 2024-25இல் அது 37ஐத் தாண்டிவிட்டது, பாஸ்டன் செல்டிக்ஸ் மட்டும் 48.

ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய ஆட்டமெல்லாம் விருந்தா என்ன? 1998 இறுதித் தொடரின் 3ஆவது ஆட்டத்தில் சிகாகோ 96 எடுக்க, யூட்டா மொத்தமே 54 புள்ளிதான் எடுத்தது. அதையும் உட்கார்ந்து பார்த்தோம். அந்த சீசனில்தான் சிகாகோவின் நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டனுக்கு 35 வயது நிறைந்தது, 82 ஆட்டத்திலும் இறங்கினார். ஏதோ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் வாங்கியவரும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

இப்போது அந்த நம்பிக்கை இல்லை. 2012 நவம்பரில் மயாமி ஆட்டத்துக்கு முன்பே நட்சத்திரங்களான டங்கன், பார்க்கர், ஜினோபிலியை ஓய்வுக்காக ஊருக்கு அனுப்பியதற்காக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டார்கள். அப்போது அது பெரிய செய்தி, அப்புறம் எல்லா அணிகளுக்கும் வழக்கமாகிப்போனது. 2023-24 முதல் பெரிய விருதுகள் வேண்டுமென்றால் 65 ஆட்டமாவது ஆட வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. விதி போட்டு ஆடவைக்க வேண்டிய ஆட்டத்தை நான் ஏன் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும்?

இந்த இடத்தில்தான் யூரோலீக் எனக்குப் பிடிக்கிறது. 2025-26இல் 20 அணிகள், அணிக்கு 38 ஆட்டம், அதனால் நவம்பரில் தோற்றதுகூட ஏப்ரலில் வந்து கடிக்கும். ஆட்டம் 40 நிமிடம். என்பிஏவில் தடுக்கும் அணியின் நெட்டையர் யாரையும் மார்க் செய்யாமல் கூடையடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது, இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், ஆகவே ஒற்றை ஆளாகப் புகுந்து அடிப்பது கஷ்டம், பாஸ் போட்டுத்தான் வழி பிறக்க வேண்டும். கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோரில் ஒரே ஒரு ஆட்டம் தோற்றால் கோப்பை போச்சு.

அதைவிடப் பெரியது சொந்த அணி என்ற பிடிப்பு. சியாட்டல் மக்கள் 41 ஆண்டு கொண்டாடிய சூப்பர்சோனிக்ஸை 2008இல் ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2024இல் டல்லஸை இறுதித் தொடர் வரை கூட்டிப்போன லூகா டான்சிச்சை 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள், ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே நின்று கத்தினார்கள். செர்பியாவின் பெல்கிரேடிலிருந்து பார்ட்டிசான் கிளப்பை அப்படிப் பெயர்த்துக்கொண்டு போக யாருக்கும் தைரியம் வராது.

சரி, குறையும் உண்டு. திறமையில் என்பிஏ எங்கேயோ இருக்கிறது. அதே டான்சிச் 2018இல் 19 வயதில் ரியல் மாட்ரிடுக்கு யூரோலீக் வென்று கொடுத்துவிட்டு அந்த ஆண்டே அமெரிக்கா போய்விட்டார், நல்ல ஆட்கள் யூரோலீக்கில் தங்குவதில்லை. கிளப்புகள் உள்நாட்டு லீகிலும் ஆடுவதால் அங்கும் களைப்பு இருக்கிறது.

என்னைக் கேட்டால் அக்டோபர் முதல் மார்ச் வரை யூரோலீக், ஏப்ரலிலிருந்து கோப்பைக்காக மோதும் என்பிஏ பிளேஆஃப் சுற்று. அங்கே எல்லோரும் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். மே மாதம் ஃபைனல் ஃபோர் நடக்கும் வார இறுதியை மட்டும் யூரோலீக்குக்கு விட்டுவையுங்கள்.