வேன் வீட்டோடு மலையேற: கோத்தகிரிப் பக்கமா, தாண்டிக்குடிப் பக்கமா?

படுக்கையும் அடுப்பும் வண்டியிலேயே இருக்க, கோடையில் கணவனும் மனைவியுமாகச் சின்ன ஊர்களில் தங்கித் தங்கிப் போக நம் பக்கத்தில் இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர். இன்னொன்று பழனி மலையின் கீழ்ப்பகுதியில் ஒட்டன்சத்திரத்திலிருந்து பாச்சலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு. நானும் என் வீட்டுக்காரரும் இரண்டிலும் போயிருக்கிறோம். என் ஓட்டு தாண்டிக்குடிக்கு. ஆனால் எல்லாருக்கும் அது சரிப்படாது.

முதலில் வண்டி. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வீட்டை இரண்டு மலைக்குமே கொண்டுபோக வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் சக்கரம் காரின் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எதிரே பஸ் வந்துவிட்டால் ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு. காரமடையிலிருந்து மஞ்சூர் ஏறும் சாலையில் மட்டும் 43 கொண்டை ஊசி வளைவுகள். ஆகவே, நீளம் குறைந்த வேன்தான் சரி. சொந்த வண்டியை அப்படி வீடாக மாற்றுவதானால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைக் கேட்கிறது.

சாலை என்று பார்த்தால் நீலகிரிக்குத்தான் மதிப்பெண். அகலம் அதிகம், வழியில் மெக்கானிக் கிடைப்பார், டீக்கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சீசனில் போலீஸ் ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம்: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து நேராகக் கோத்தகிரிக்கு ஏறலாம் என்று கணக்குப் போட்டால் அது நடக்காமல் போகலாம். குன்னூரில் ஏறி, மஞ்சூரை முதலில் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கோத்தகிரிக்கு வந்து இறங்குவதுதான் நிம்மதி. கூட்டமும் நெரிசலும் சாதாரணமாக இருக்காது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி) வந்ததே உயர் நீதிமன்றம் இந்த நெரிசலைப் பார்த்துச் சொன்னதால்தான். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பே வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. தாண்டிக்குடியும் கொடைக்கானல் தாலுகாதான், ஆகவே இரண்டு வழிக்கும் கிளம்பும் முன்பே பாஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டன்சத்திரம் வழி வேறு மாதிரி. பரப்பலாறு அணையைத் தாண்டியதும் சாலை குறுகிவிடும். எதிரே காய்கறி வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. டீசலைக் கீழேயே நிரப்பிக்கொண்டு விடியற்காலையில் ஏறிவிட்டால் வண்டி ஓட்டுவதே சந்தோஷமாக இருக்கும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி இறங்கிப் பார்க்கலாம், பின்னால் ஹாரன் அடிக்க ஆள் இருக்காது.

இரவு எங்கே நிறுத்துவது என்பதில் இரண்டு மலைக்கும் ஒரே சட்டம்: சாலையோரத்தில் படுக்கக் கூடாது. பலாப்பழ சீசனில் கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனைப் பக்கமும், குன்னூர் சாலையில் பர்லியார் பக்கமும் யானை இறங்கும். கோத்தகிரியில் கரடித் தொல்லை வேறு. எண்ணெய் வாசனைக்கே வந்துவிடும் என்பதால் சமையல் பாத்திரத்தை வெளியே வைக்கவே கூடாது. தாண்டிக்குடிப் பக்கம் யானையும் காட்டுமாடும் தோட்டத்துக்குள்ளேயே வரும். அங்கே டீக்கடையில் விசாரித்தபோது ஒரு தோட்டக்காரர், "ரோட்டுல வேணாம்ணே, நம்ம களத்துல போட்டுக்கங்க, கேட்டைப் பூட்டிக்கலாம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். காப்பி காயவைக்கும் களம் அது. அறுவடை முடிந்த கோடையில் காலியாகக் கிடக்கும், தரை சமமாக இருக்கும், வேனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கோத்தகிரியில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே சமதளம் கிடைப்பதே கஷ்டம். பெரும்பாலும் தங்கும் விடுதி வாசலில் காசு கொடுத்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

நான் தாண்டிக்குடி பக்கம் சாய்வதற்குக் காரணம் ஊர்தான். மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை பெய்தால் போதும், பத்து நாளுக்குள் காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். வேன் கதவைத் திறந்தாலே மல்லிகை வாசனை மாதிரி உள்ளே வரும். மேலே சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, கீழே காப்பி, நடுநடுவே மலைவாழை. விருப்பாட்சி வாழைக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்த பழம் அதுதான். அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் அந்த வாழையைத் தோட்டம் தோட்டமாக அழித்தது. நோயில்லாத கன்றுகளைக் கொண்டுவந்து மறுபடி நட்டு மீட்டிருக்கிறார்கள். அந்தக் கதையை நட்டவர்கள் வாயாலேயே கேட்டுக்கொண்டு பழம் சாப்பிட முடிகிறதே, அதற்காகவே நான் திரும்பப் போவேன். ஊரில் 1946இலிருந்து காப்பி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, குன்றின் மேல் பழங்காலக் கல்லறைகளான கற்திட்டைகள் இருக்கின்றன. ஆனால் சுற்றுலாவுக்கென்று அங்கே யாரும் எதையும் ஜோடிக்கவில்லை.

கோத்தகிரியைக் குறைத்துச் சொல்லவில்லை. கன்னேரிமுக்கில் ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனின் பங்களா, கோடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாறும் தெங்குமரஹாடா கிராமமும், மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி எல்லாம் பார்க்க வேண்டியவைதான். குளிரும் அங்கேதான் அதிகம். 1,800 மீட்டர் உயரம் வரும். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர் கட்டாயம். தாண்டிக்குடி உயரம் குறைவு, மதியத்தில் வேனின் தகரம் சுடும். நிழல் பார்த்து நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும்.

வயதான பெற்றோரையும் கூட்டிப்போகிறீர்கள், அல்லது இருவரில் ஒருவருக்கு இதயக் கோளாறு, மூச்சுத் திணறல் என்றால் யோசிக்கவே வேண்டாம், குன்னூர், கோத்தகிரிதான். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். முதன்முறையாக மலையில் வேன் ஓட்டுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். ஏறிய கியரிலேயே இறங்குவதும், பிரேக்கை மிதித்தே வராமல் இன்ஜினால் வேகத்தைப் பிடிப்பதும் கைக்குப் பழகிய பிறகு பாச்சலூர் ஏறலாம்.

மஞ்சூர் போவதானால் மே முடிவதற்குள் போய்விடுங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை மஞ்சூர் இருக்கும் குந்தா பக்கம் பலமாக அடிக்கும், மண் சரியும். கீழ்ப்பழனி மலைக்கு அந்த மழை அவ்வளவாக எட்டாது, ஜூனிலும் தாராளமாகப் போகலாம்.