தண்டவாள ஜல்லி வசதிக்குப் பணம் வாங்கிவிட்டு ஒரு சாம்பல் நிறக் கோடு போட்டுக் கொடுத்தார்

மாதிரி ரயில் அமைப்பவர்கள், முக்கியமாகப் பெரம்பூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்த பிறகு யாருக்கு வேண்டுமானாலும் பணம் கொடுங்கள்.

நாங்கள் சிலர் சேர்ந்து ராயபுரம் ஸ்டேஷனை 1:87 அளவில் செய்கிறோம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம், ஏனோதானோ என்று செய்ய மனம் வரவில்லை. வரைபடத்துக்கு எக்ஸ்ட்ராக்கேட் (XTrackCAD), மாதிரி ரயில் பாதை வரையும் மென்பொருள். அது இலவசம், அதன் சோர்ஸ் கோடும் (நிரலின் மூல வரிகள்) எல்லோருக்கும் திறந்தது. ஜல்லிப் படுகையை நம் ஊர் அகலப்பாதைக் கணக்குப்படி அதில் வரைய ஒரு வசதி வேண்டியிருந்தது.

இது அழகுக்காகக் கேட்டது இல்லை. தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டையின் நீளம் 2,750 மி.மீ. இரண்டு பக்கமும் ஜல்லி 350 மி.மீ. நீண்டால் மேல் அகலம் 3,450. அதை 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 40 மி.மீ. அதற்கு வெளியே ஜல்லி சரிந்து இறங்க இடம் வேறு வேண்டும். வரைபடத்தில் இது தெரியாவிட்டால், தண்டவாளத்தைப் பலகையில் ஒட்டிய பிறகுதான் பிளாட்பாரச் சுவருக்கு இடமில்லை என்பது தெரியவரும்.

சென்னை மின்ட் பகுதியில் சாஃப்ட்வேர் வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் ஒப்புக்கொண்டார். அகலம், ஆழம், சரிவு, நிறம் எல்லாம் பாதைக்குப் பாதை மாற்றும்படி இருக்க வேண்டும், வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டு பாதைக்கு ஸ்லீப்பர் மட்டத்துக்கே ஜல்லி நிற்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தோம். “ஒரே வாரத்துல முடிச்சுடுறேண்ணே” என்றார். 18,000 ரூபாயையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்.

வந்தது ஒரு எக்ஸி கோப்பு மட்டும், அதாவது ஓட்ட மட்டுமே முடியும், உள்ளே இருக்கும் கோடைப் பார்க்க முடியாது. மெனுவில் ‘பேலஸ்ட்’ (ஜல்லி) இருந்தது, அழுத்தினால் தண்டவாளத்துக்கு அடியில் சாம்பல் பட்டை வந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். தண்டவாளம் பெரிதானது, பட்டை அப்படியே நின்றது. அதாவது அகலத்தை மில்லிமீட்டரில் கணக்கிடவே இல்லை, திரையின் பிக்சலில் ஒரு தடித்த கோடு போட்டிருக்கிறார். மாதிரியின் நிஜ அளவில் அச்செடுத்து ஸ்கேல் வைத்தால், 40 இருக்க வேண்டிய இடத்தில் 11 மி.மீ.தான் இருந்தது. பாதை பிரியும் பாயின்ட் வரும் இடத்தில் நேர்ப்பாதைக்கு மட்டும் பட்டை, பிரிந்து போகும் பாதை வெறுமையாகக் கிடந்தது.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். அதில் சேமித்த வரைபடம் அப்புறம் மூல மென்பொருளில் திறக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் ராயபுரத்துக்கே போய் அளந்து வந்து போட்ட வரைபடம் அது. நல்ல வேளை, இந்தக் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்து, அவர் நுழைத்திருந்த வரிகளைத் தேடித் தேடி நீக்கி மீட்டோம். உங்களுக்கும் இப்படி ஆனால், முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு இதையே செய்யுங்கள்.

“சோர்ஸ் கோடையாவது கொடு தம்பி, வேறு யாரையாவது வைத்துச் சரி செய்துகொள்கிறோம்” என்று கேட்டேன். “அது என் சொத்துண்ணே, தர முடியாது” என்றார். அப்பட்டமான பொய். எக்ஸ்ட்ராக்கேட் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் வருவது. அதை மாற்றி இன்னொருவருக்குக் கொடுப்பவர் சோர்ஸையும் கூடவே தர வேண்டும், அல்லது கேட்டால் தருவதாக எழுத்தில் உறுதி தர வேண்டும். இதைச் சொன்னதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இப்படி வேலை கொடுப்பதாக இருந்தால் சோர்ஸ் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். பெரிதாக்கிப் பார்ப்பது, ஒரு பாயின்ட் போட்டுப் பார்ப்பது, நிஜ அளவில் அச்செடுத்து அளப்பது, மூன்றையும் அவர் எதிரிலேயே செய்யுங்கள்.

அதே ஆள் கொருக்குப்பேட்டையில் இன்னொருவரிடம் இதே வேலைக்குப் பேசிக்கொண்டிருக்கிறாராம். யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். அவர் கொடுத்த கோப்பும் நாங்கள் எடுத்த அச்சும் பத்திரமாக இருக்கின்றன, காட்டுகிறேன்.