36 வோல்ட் 18 இஞ்ச் டிஷ் ஆக்சுவேட்டர்: எது தாங்குகிறது, எது முதலில் போகிறது

சி-பேண்ட் (சுமார் 4 கிகாஹெர்ட்ஸ்) செயற்கைக்கோள் டிஷ்ஷைக் கிழக்கு மேற்காகத் திருப்ப, பரவலாகக் கிடைக்கும் 36 வோல்ட், 18 இஞ்ச் ஆக்சுவேட்டரை (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தள்ளுகருவியை) பற்றிய மதிப்பீடு இது. 6 அடி, 8 அடி டிஷ்களுக்கு இந்த அளவு பொருத்தம். மோட்டாருக்கும் கியருக்கும் தாராளமாக நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். மழைநீரைத் தடுக்கும் ஏற்பாட்டுக்குப் பாதிதான் கொடுக்க முடியும். சென்சாருக்கு அதையும் விடக் குறைவு. "மோட்டார் போயிடுச்சு" என்று கழற்றி வீசப்படும் ஆக்சுவேட்டரைத் திறந்து பார்த்தால், பல நேரம் மோட்டார் உயிரோடுதான் இருக்கும். போயிருப்பது காந்தம் அருகே வந்தால் மூடும் ஒரு ரீட் ஸ்விட்சாகவோ, கரண்டை ஒரே திசையில் விடும் டயோடாகவோ, பச்சை பூத்த கேபிள் முனையாகவோ இருக்கும். புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

உள்ளே இருப்பது எளிய அமைப்புதான். கார்பன் பிரஷ் வைத்த டிசி மோட்டார் கியர்கள் வழியாக ஒரு நீண்ட மரைத் தண்டைச் சுற்றுகிறது. தண்டின் மேல் உள்ள நட்டு நகர்ந்து, 'கை' எனப்படும் உள்குழாயை வெளியே தள்ளுகிறது, உள்ளே இழுக்கிறது. மூடியைத் திறந்தால் நான்கு முனைகள் தெரியும்: இரண்டு மோட்டாருக்கு, இரண்டு சென்சாருக்கு. மோட்டார் முனைகளில் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் ஓடும் திசை மாறும். இரு கோடிகளிலும் நிறுத்துவதற்கு இரண்டு லிமிட் ஸ்விட்சுகள், ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு டயோடு. தண்டோடு சேர்ந்து சுற்றும் காந்தச் சக்கரத்தின் அருகில் ரீட் ஸ்விட்ச். காந்தம் கடக்கும்போதெல்லாம் அது மூடித் திறக்கும். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் பொசிஷனர் (வீட்டுக்குள் இருந்து ஆக்சுவேட்டரை ஓட்டும் பெட்டி) டிஷ் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது.

இந்த எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பல மாடல்களில் ஓர் இஞ்சுக்குச் சுமார் 48 துடிப்பு வரும். அதாவது ஒரு துடிப்புக்குக் கை அரை மில்லிமீட்டர் நகர்கிறது. டிஷ்ஷின் சுழலும் அச்சிலிருந்து 18 இஞ்ச் தள்ளி ஆக்சுவேட்டர் பிடித்திருந்தால், அது ஏறத்தாழ 0.07 டிகிரி. 8 அடி டிஷ்ஷுக்கு 4 கிகாஹெர்ட்ஸில் கற்றை அகலம் (சிக்னலை நன்றாகப் பிடிக்கும் கோணம்) சுமார் 2.2 டிகிரி. ஆகவே 15 துடிப்பு தவறினாலே சிக்னல் பாதியாகிவிடும். அதே டிஷ்ஷில், அதிர்வெண் கூடிய கேயு-பேண்டும் பார்ப்பவர்களுக்கு 5 துடிப்பு தவறினாலே போதும். "டிஷ் தானாக நகர்ந்துவிடுகிறது" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தத் தவறிய எண்ணிக்கைதான் இருக்கும். இன்னொரு சாத்தியம், கிளாம்ப் போல்ட்டிலும் பந்து மூட்டிலும் விழுந்த ஆட்டம். டிஷ்ஷின் விளிம்பைக் கையால் அசைத்துப் பார்த்தால் அது உடனே தெரிந்துவிடும்.

சோதனையை வீட்டுக்குள் இருந்தே தொடங்கலாம். பொசிஷனரின் பின்பக்கம் மோட்டார் ஒயர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை அந்த முனைகளில் வைத்துத் திருப்பும் பொத்தானை அழுத்துங்கள். சுமை இல்லாததால் 36-க்குக் கொஞ்சம் மேலேயே காட்டலாம். அது கோளாறு இல்லை. துடிப்பு வராததைப் பார்த்துப் பொசிஷனர் சில விநாடிகளில் தானே நிறுத்திவிடும், அதனால் அளவை உடனே பார்த்துவிட வேண்டும். வோல்ட்டே வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். டிஷ் பக்கம் ஏற வேண்டிய வேலையே இல்லாமல் போகலாம்.

வோல்ட் சரியாக இருந்தால் டிஷ்ஷுக்குப் போங்கள். மோட்டார் ஒயர்களைக் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியை நேராக மோட்டார் முனைகளில் கொடுப்பதுதான் இந்த வேலையிலேயே மிகப் பயனுள்ள சோதனை. மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் மெதுவாக ஓடும், எதையும் உடைக்காது. ஒருமுறை நேராகவும் ஒருமுறை முனை மாற்றியும் கொடுங்கள். இரு பக்கமும் கை ஓடினால் மோட்டார், கியர், லிமிட் எல்லாம் சரி. பிழை கேபிளிலோ சென்சாரிலோ இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஓடினால் லிமிட் ஸ்விட்ச் அல்லது அதன் டயோடு. மோட்டார் சத்தம் வருகிறது, கை நகரவில்லை என்றால் பல் உதிர்ந்த கியர், வெட்டுப்பட்ட இணைப்பு ஊசி அல்லது மரை தேய்ந்த நட்டு. சத்தமே இல்லை என்றால் பிரஷ்ஷையும், அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரையும் பார்க்க வேண்டும். பிரஷ் அதன் கூட்டில் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; சுத்தம் செய்தால் பல நேரம் மீண்டும் ஓடும்.

டயோடு விஷயத்தில் கவனம் வேண்டும். லிமிட் ஸ்விட்ச் திறந்தபின் திரும்பி வருவதற்கான கரண்ட் டயோடு வழியாகத்தான் போகிறது. டயோடு அறுந்துபோனால் கை கோடிக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஷார்ட் ஆனால் லிமிட் இருந்தும் இல்லாத மாதிரி. கை முட்டி நின்று மோட்டார் சூடாகும். மாற்றும்போது 1 ஆம்பியர் தாங்கும் 1என்4007 போடுபவர்கள் உண்டு. அது தாங்காது. 3 ஆம்பியருக்கான 1என்5408 போடுங்கள். பழைய டயோடின் வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் புதியதும் இருக்க வேண்டும். தலைகீழாகச் சால்டர் செய்தால் தடுக்க வேண்டிய திசையில் விட்டுவிட்டு, விட வேண்டிய திசையில் தடுக்கும்.

சில விநாடி ஓடி நின்றுவிடுகிறது, பொசிஷனர் பிழை காட்டுகிறது என்றால் நேராக ரீட் ஸ்விட்ச்தான். சென்சார் முனைகளில் மீட்டரைத் தொடர்ச்சி (கன்டினியூட்டி) ஒலியில் வைத்து, பேட்டரியால் மோட்டாரை ஓட்டுங்கள். பீப் விட்டுவிட்டு ஒலிக்க வேண்டும். விடாமல் ஒலித்தால் தொடுமுனைகள் ஒட்டிப்போய்விட்டன. ஒலிக்கவே இல்லை என்றால் தனியாக ஒரு காந்தத்தை ரீட் அருகே கொண்டுபோங்கள். அப்போது ஒலித்தால் ரீட் நல்லதுதான், காந்தச் சக்கரம் தண்டில் வழுக்குகிறது அல்லது தள்ளிப்போயிருக்கிறது. அப்போதும் ஒலிக்கவில்லை என்றால் கண்ணாடி விரிசல். புதிய ரீட்டின் காலை வளைக்கும்போது, கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவே மூக்குக் குறடால் காலைப் பிடித்துக்கொண்டு வளைக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். வெயிலில் வேலை செய்து, மழையில் கைவிடும். காந்தத்தில் உரசாத அளவுக்கு நெருக்கமாகப் பொருத்துங்கள்.

இரைச்சலால் கூடுதல் துடிப்பு எண்ணப்படுவதைத் தடுக்க சிலர் ரீட்டின் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைப்பார்கள். வைக்கலாம், ஆனால் தொடராக 100 ஓம் ரெசிஸ்டரும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மூடலிலும் கெப்பாசிட்டர் சட்டென்று வெளியேற்றும் கரண்ட் தொடுமுனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்ட வைத்துவிடும். சென்சாருக்குக் கவசமிட்ட தனிக் கேபிள் இழுப்பது இதைவிட நல்ல தீர்வு.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமையில் 3 ஆம்பியர் இழுக்கும்போது, 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் போக வர இழப்பு 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். 0.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் அது 6 வோல்ட்டுக்கு மேல் ஆகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் டிஷ் ஒரு பக்கம் ஏறும்போது திணறும், மறுபக்கம் இறங்கும்போது சரளமாக ஓடும். பழி மோட்டார் மேல் விழும்.

இந்தப் பொருளின் உண்மையான குறை தண்ணீர்தான். ஓடும்போது மோட்டார் அறை சூடாகிக் காற்று விரிகிறது. நின்று குளிரும்போது வெளியிலிருந்து ஈரத்தை உள்ளே இழுக்கிறது. அதற்காகத்தான் அடியில் வடிதுளை வைத்திருக்கிறார்கள். அதை சிலிக்கோன் பூசி அடைத்தால் தண்ணீர் வராது என்று நினைப்பது தவறு. வந்த தண்ணீர் போகாது. துளை கீழே பார்க்கும்படி மோட்டாரைத் திருப்பிப் பொருத்துங்கள், அடைக்காதீர்கள். மோட்டார் கீழாகவும் கையின் நுனி மேலாகவும் இருக்கும் நிறுவலில் மழைநீர் உள்குழாயில் வழிந்து நேராக ஓ-ரிங் (குழாயைச் சுற்றிய ரப்பர் வளையம்) வாயில் போய் நிற்கும். அங்கே மடிப்பு ரப்பர் உறை கட்டாயம். அது சில பெட்டிகளில் வருவதே இல்லை, இதை மன்னிக்க முடியாது. உறையின் மேல் முனையை இறுக்கிக் கட்டுங்கள், கீழ் முனையைக் கொஞ்சம் தளர விடுங்கள்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: டிஷ்ஷைக் கயிற்றால் தூணோடு கட்டுங்கள். ஆக்சுவேட்டரின் பின்னை உருவியதும் டிஷ் முழு எடையோடு சுழன்று வரும், கைவிரல் நசுங்கும். கிளாம்ப் எங்கே பிடித்திருந்தது என்று குழாயில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஒயர்களைப் படம் எடுங்கள். கழற்றியபின் உள்குழாயைக் கையால் முறுக்கவே கூடாது. லிமிட் ஸ்விட்சுகள் தண்டின் சுற்றைத்தான் பின்தொடர்கின்றன. குழாயை மட்டும் திருகினால் நீளம் மாறும், லிமிட்டுக்கு அது தெரியாது.

கெட்டியாகிப்போன பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு, லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். பிளாஸ்டிக் கியர் இருந்தால் பெட்ரோலைத் தொடவே வேண்டாம். மீண்டும் பூட்டியதும் 12 வோல்ட்டில் இரு கோடிகளுக்கும் மெதுவாக ஓட்டி, குழாய் முட்டுவதற்கு முன்பே லிமிட் கிளிக் ஆகிறதா என்று காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். அதன்பின் நன்றாகத் தெரிந்த ஒரு செயற்கைக்கோளைப் பிடித்து எண்ணிக்கையைச் சரிசெய்து, ரிசீவரிலும் கிழக்கு, மேற்கு எல்லைகளை வைக்க வேண்டும்.

வாங்கலாமா என்றால், 8 அடி வரை தயங்காமல் வாங்கலாம். 12 அடி டிஷ்ஷுக்கு இது போதாது. அதற்குக் கனரக 36 இஞ்ச் வகையைப் பாருங்கள். சின்ன கேயு-பேண்ட் டிஷ்ஷுக்கு சிக்னல் வரும் அதே கேபிளில் ஓடும் டைசெக் மோட்டாரே நல்லது. பால் ஸ்க்ரூ (தண்டுக்கும் நட்டுக்கும் நடுவே குண்டுகள் உருளும் வகை) உள்ள மாடல் கிடைத்தால் அதை எடுங்கள். உராய்வு குறைவு, மோட்டாருக்குச் சுமை குறைவு. கடையில் பெட்டியைப் பிரித்து, உள்குழாய் பக்கவாட்டில் ஆடுகிறதா, மூடியின் ரப்பர் பட்டை சுற்றிலும் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ரீட் ஸ்விட்ச் இரண்டு, 1என்5408 இரண்டு, ரப்பர் உறை ஒன்று வாங்கி வையுங்கள். ரீட் வாங்கும்போது சாதாரணமாகத் திறந்திருந்து காந்தம் வந்தால் மூடும் வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.