‘டிகிரி இல்லையா, பரவாயில்லை’ என்று சொல்லும் ஏஜென்ட்களிடம் கவனம்: எனக்கு நடந்தது

பட்டப்படிப்பு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருப்பவர்கள், ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். கனடாவில் வெல்டர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு கன்சல்டன்சி என்னிடம் தவணை தவணையாகப் பணம் வாங்கியது. கையில் கொடுத்த ஆஃபர் லெட்டர் போலி. அதோடு விடவில்லை. நான் படிக்காத ஒரு டிப்ளமாவைப் படித்ததாகப் பொய்ச் சான்றிதழ் வைத்து, என் பெயரில் விசா விண்ணப்பமும் போட்டுவிட்டார்கள். போன பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். இந்தச் சான்றிதழ் செய்யும் கெடுதல் அப்படி சீக்கிரம் தீராது.

நான் பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு வெல்டிங் வேலைக்கு வந்தவன். பைப் வெல்டிங், டிக், ஆர்க் எல்லாம் பல வருஷ அனுபவம். அந்த ஆபீசில் உட்கார்ந்ததும் ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வி, “டிகிரி இருக்கா தம்பி?” இல்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. “அப்போ நேர் வழியில போக முடியாது. ஆனா நமக்கு உள்ளே ஆள் இருக்கு, நான் பண்ணித் தர்றேன்” என்றார். இந்த மோசடி முழுவதும் நிற்பது இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். டிகிரி இல்லாதவனுக்குச் சட்டப்படியான வழியே கிடையாது என்று முதலில் நம்ப வைக்கிறார்கள். அதை நம்பிவிட்டால், பின்னால் கேட்கும் எந்தக் கட்டணத்தையும் நாம் கேள்வி கேட்க மாட்டோம், விதிமுறைகளைத் தேடிப் படிக்கவும் மாட்டோம்.

உண்மை என்ன என்று பின்னால் உட்கார்ந்து படித்தேன். கனடா அரசு தொழில்களைப் பயிற்சி அளவை வைத்துப் பிரித்திருக்கிறது. வெல்டர் வேலைக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவை என்று அதில் எங்கேயும் இல்லை. தொழிற்பயிற்சியும் அனுபவமும்தான் கணக்கு. 2013-ல் தொடங்கிய ஃபெடரல் ஸ்கில்ட் டிரேட்ஸ் திட்டத்துக்குக் கல்வித் தகுதி என்று ஒரு குறைந்தபட்சமே கிடையாது. கடந்த 5 ஆண்டுகளில் 2 ஆண்டு அனுபவம், மொழித் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண், கூடவே ஓராண்டுக்கான உண்மையான வேலை வாய்ப்பு அல்லது அங்குள்ள மாகாணம் தரும் தொழில் சான்றிதழ் வேண்டும். சுலபமான வழி என்று சொல்ல மாட்டேன், கடைசி நிபந்தனை கஷ்டமானது. ஆனால் எனக்கு வழியே இல்லை என்று அந்த ஆள் சொன்னது சுத்தப் பொய்.

முதல் தவணை “ஃபைல் ஓப்பனிங்”. அடுத்தது “எல்.எம்.ஐ.ஏ. சார்ஜ்”. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயரில்தான் பெரிய தொகை போகிறது. ஒரு கனடா கம்பெனி வெளிநாட்டு ஆளை எடுப்பதால் உள்ளூர்க்காரர்களின் வேலைக்குப் பாதிப்பு இல்லை என்று அந்த அரசின் துறை பரிசீலித்துக் கொடுக்கும் ஒப்புதல்தான் எல்.எம்.ஐ.ஏ. விண்ணப்பிப்பது கம்பெனி, ஒப்புதல் போவதும் கம்பெனிக்கு. ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடா டாலர் கட்டணம், அதையும் கம்பெனிதான் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைத் தொழிலாளியிடம் திரும்ப வசூலிப்பது சட்டப்படி குற்றம். ஆளெடுத்துத் தரும் ஏஜென்ட் வசூலித்தாலும் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். தொழிலாளி தன் பெயரில் அரசுக்குக் கட்டுவது என்று பார்த்தால் வொர்க் பர்மிட் கட்டணம் 155 டாலர், கைரேகை, போட்டோவுக்கு 85 டாலர். மெடிக்கல் டெஸ்ட் செலவு தனி. என்னிடம் வாங்கிய தொகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பணம் கட்டிய பிறகு ஆஃபர் லெட்டர் வந்தது. கம்பெனி லோகோ, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. வீட்டில் எல்லோரும் மாறி மாறி வாங்கிப் பார்த்தோம். ஒரு வாரம் கழித்து நிதானமாகப் படித்தபோதுதான் இடித்தது. கனடாவில் வெல்டர் சம்பளத்தை ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்றுதான் எழுதுவார்கள். என் கடிதத்தில் மாதச் சம்பளம் ஒரே தொகையாக இருந்தது, கூடவே சாப்பாடும் ரூமும் இலவசம் என்று போட்டிருந்தது. வளைகுடா வேலைக்கான பழைய கடிதத்தில் நாட்டின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். முகவரி ஒன்டாரியோ மாகாணம். ஆனால் அஞ்சல் குறியீடு ‘வி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கியது. கனடாவில் அந்தக் குறியீட்டின் முதல் எழுத்தே மாகாணத்தைக் காட்டிவிடும். ‘வி’ என்றால் பிரிட்டிஷ் கொலம்பியா, நாட்டின் இன்னொரு கோடி. ஒவ்வொரு தொழிலுக்கும் கனடா அரசு வைத்திருக்கும் குறியீட்டு எண் கடிதத்தில் இல்லவே இல்லை.

கம்பெனி பெயர் மட்டும் நிஜம். அதனால்தான் கூகுளில் தேடினால் நம்பிக்கை வருகிறது. கடிதத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினால் “ஆமாம், உங்களை எடுத்திருக்கிறோம்” என்று உடனே பதில் வந்தது. கம்பெனியின் சொந்த வலைத்தளத்தில் இருந்த முகவரிக்கு அதே கடிதத்தை இணைத்து அனுப்பினேன். தாங்கள் வெளிநாட்டிலிருந்து யாரையும் எடுக்கவில்லை, அந்தப் பெயரில் கையெழுத்துப் போடும் அதிகாரியும் இல்லை, இதே மாதிரி கடிதத்தோடு வேறு ஆட்களும் கேட்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. ஆஃபர் லெட்டர் கையில் வைத்திருப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கடிதத்தில் உள்ள நம்பருக்கும் மெயிலுக்கும் கேட்பதில் பிரயோஜனம் இல்லை, அந்தப் பக்கமும் அவர்கள் ஆள்தான். எல்.எம்.ஐ.ஏ. ஒப்புதல் பெற்ற கம்பெனிகளின் பட்டியலையும் கனடா அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது, அதிலும் தேடலாம்.

நேரில் போய்க் கேட்டபோது ஏஜென்ட் கொஞ்சமும் அசரவில்லை. “அது வேற பிராஞ்ச் தம்பி. சரி, விசிட் விசாவுல போயிடுங்க, அங்கே போய் வொர்க் பர்மிட்டா மாத்திக்கலாம்” என்று அடுத்த கதையைத் தொடங்கினார். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், கனடா அப்படி ஒரு தற்காலிகச் சலுகை கொடுத்தது நிஜம். 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய சலுகையைச் சொல்லி இன்னும் ஆள் பிடிக்கிறார்கள். விசிட் விசாவில் போய் வேலை செய்தால் சம்பளம் கொடுக்காவிட்டாலும் புகார் கொடுக்கப் பயந்துகொண்டு இருக்க வேண்டியதுதான். அதைத் தெரிந்தே அனுப்புகிறார்கள்.

இனி நான் முதலில் சொன்ன பொய்ச் சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். என் பெயரில் விண்ணப்பம் போட்டாயிற்று என்றார்களே தவிர, லாகின் விவரம் கேட்டால் கொடுக்கவில்லை. “அது ஆபீஸ் ஐடி, கஸ்டமருக்குக் குடுக்க மாட்டோம்” என்றார்கள். பாஸ்போர்ட்டும் அவர்களிடமே இருந்தது. விண்ணப்பிக்கும்போது கனடாவுக்கு பாஸ்போர்ட்டின் ஸ்கேன் போதும், விசா முடிவான பிறகுதான் அசல் கேட்பார்கள். அதை முன்கூட்டியே வாங்கி வைப்பது நம்மை அங்கே இங்கே நகரவிடாமல் பிடித்து வைக்கத்தான். பல நாள் சண்டைக்குப் பிறகு விண்ணப்பத்தின் நகல் கைக்கு வந்தது. அதில் என் பிறந்த தேதி சரி, அப்பா அம்மா பெயர் சரி. படிப்பு என்ற இடத்தில் இரண்டு வருஷ மெக்கானிக்கல் டிப்ளமா! நான் வாசல்படி மிதிக்காத ஒரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியல், என் போட்டோவோடு. கடைசிப் பக்கத்தில் “மேலே சொன்னது அனைத்தும் உண்மை” என்ற உறுதிமொழிக்குக் கீழே என் பெயர்.

விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருந்தால் கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி 5 ஆண்டுகள் அந்த நாட்டுக்குள் நுழையத் தடை. ஏஜென்ட் செய்தார், எனக்குத் தெரியாது என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது, விண்ணப்பதாரர்தான் பொறுப்பு. பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவு செய்தால் 10 ஆண்டு வரை போகும். இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று பல நாடுகளின் படிவங்களில் கேட்கிறார்கள். அதனால் ஒரு நாட்டில் விழும் கறை மற்ற நாட்டு விண்ணப்பத்துக்கும் கூடவே வரும். உள்ள தகுதியே போதுமாக இருந்த எனக்கு, இல்லாத தகுதியை ஒட்டவைத்து இருந்த வழியையும் அடைக்கப் பார்த்தார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு ஆலோசனை சொல்ல எல்லோருக்கும் அனுமதி கிடையாது. அங்குள்ள வழக்கறிஞர் போன்ற சட்டத் தொழில் உரிமம் உள்ளவர்கள், அல்லது குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் ‘காலேஜ் ஆஃப் இமிகிரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ்’ என்ற அமைப்பின் (பெயரில் காலேஜ் என்றாலும் இது படிக்கும் கல்லூரி இல்லை) உறுப்பினர்கள் மட்டும்தான் செய்யலாம். உறுப்பினர் பெயர்களை அதன் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பிரதிநிதியாக இருப்பவர் அதற்குரிய படிவத்தில் தன் பெயரையும் எண்ணையும் எழுத வேண்டும். என் விண்ணப்பத்தில் அந்தப் படிவமே இல்லை, நானே போட்டதாகக் காட்டியிருந்தார்கள்.

கனடா வேண்டாம் என்றால் அதே ஆபீசில் வேறு நாட்டு போர்டு தொங்குகிறது. “யு.கே. கேர் வொர்க்கர்” என்று இப்போதும் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு மூடிவிட்டது. ஜெர்மனியின் ‘சான்சன்கார்டே’ என்னும் வாய்ப்பு அட்டையை வேலையே கிடைத்துவிட்டது போல விற்கிறார்கள். 2024 ஜூனில் வந்த அந்த அட்டை, அங்கே போய் வேலை தேட ஓராண்டு வரை அனுமதி, அவ்வளவுதான். அதற்கும் பட்டமோ, குறைந்தது 2 ஆண்டு அங்கீகரிக்கப்பட்ட தொழிற்கல்வியோ வேண்டும், செலவுக்குப் பணமும் காட்ட வேண்டும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிகிரி வேண்டாம், டிக்கெட் இலவசம் என்று வரும் விளம்பரங்கள் இதைவிட ஆபத்து. அப்படிப் போனவர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பக்கம் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, மீட்டு வர வேண்டியதாயிற்று.

நேர்வழிகள் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ‘ஆஸ்பில்டுங்’ என்ற தொழிற்பயிற்சிக்குப் பள்ளிச் சான்றிதழும் ஜெர்மன் மொழியும் (பெரும்பாலும் பி1 நிலை) இருந்தால் முயற்சி செய்யலாம், பயிற்சிக் காலத்திலேயே மாத உதவித்தொகை உண்டு. ஜப்பான் 2019 ஏப்ரலில் கொண்டுவந்த ‘தொகுதெய் கினோ’ என்ற தொழில்திறன் விசாவுக்குப் படிப்புத் தகுதி கேட்பதில்லை. 18 வயது நிறைந்து, தொழில் தேர்விலும் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்விலும் தேற வேண்டும். முதல் நிலையில் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்கும் தென்கொரியாவின் இ.பி.எஸ். திட்டம் 2004 முதல் அரசுக்கு அரசு ஒப்பந்தத்தில் நடக்கிறது, தனியார் ஏஜென்ட்டுக்கு அதில் இடமில்லை. அந்த ஒப்பந்தம் போட்ட நாடுகளில் இலங்கை உண்டு, இந்தியா இல்லை. ஆகவே இந்தியாவில் இருந்துகொண்டு இ.பி.எஸ். சீட் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். இந்த வழிகள் எல்லாமே நேரம் கேட்கும், மொழி படிக்கச் சொல்லும். மொழி வேண்டாம், தேர்வு வேண்டாம், 45 நாளில் விசா என்று சொல்பவர் இதில் எதையும் விற்கவில்லை. ஆளெடுக்கும் நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்பதை இந்தியாவில் அரசின் இ-மைகிரேட் தளத்திலும், இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் சரிபார்க்கலாம்.

நான் செய்ததைச் சொல்கிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும். முதலில் கனடா குடிவரவுத் துறையின் வலைப் படிவம் வழியாக, அந்தச் சான்றிதழ் என்னுடையது இல்லை, என் சம்மதம் இல்லாமல் சேர்த்தது என்று எழுதி, முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். கம்பெனி அனுப்பிய பதிலையும் இணைத்தேன். அதன்பிறகு போலீஸில் புகார். பணம் கட்டிய பேங்க் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, போலிக் கடிதம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்ததால் உடனே எடுத்துக்கொண்டார்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்த தவணைக்கு ரசீது தரவில்லை, அதற்கு வாட்ஸ்அப்பில் அவர் “ரிசீவ்டு” என்று போட்ட ஒரு வார்த்தைதான் ஆதாரம். ஆகவே பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். வாய்ஸ் மெசேஜ்களையும் தனியாகச் சேமித்து வையுங்கள், எதிராளி தன் பக்கம் அழிக்க ஆரம்பிப்பார். புகார் போன பிறகு பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. பணத்தில் ஒரு பகுதி வந்திருக்கிறது, மீதிக்கு வழக்கு நடக்கிறது.