ரோட்டரியா, லயன்ஸா?

தொண்டு அமைப்பொன்றில் சேர நினைப்பவரின் காதில் முதலில் விழும் பெயர்கள் பெரும்பாலும் இவ்விரண்டுமே. இரண்டும் சிகாகோவில் தோன்றியவை. 1905-இல் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி, உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியதால் அப்பெயரைப் பெற்றது. லயன்ஸ், காப்பீட்டுத் தொழிலில் இருந்த மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் 1917-இல் உருவானது.

உண்மையான வேறுபாடு தொண்டின் திசையில் இருக்கிறது. 1925-ஆம் ஆண்டு மாநாட்டில் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளுக்குப் பின், பார்வையைக் காப்பது லயன்ஸின் அடையாளமாயிற்று. கண் பரிசோதனை முகாமில் ஒரு முதியவரை நாற்காலியில் அமர்த்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எழுத்துப் பலகையில் எந்த வரிவரை அவரால் படிக்க முடிகிறது என்று குறித்துக்கொள்வதைப் புதியவரும் விரைவில் கற்றுக்கொள்ளலாம். கண்ணாடி அணிந்ததும் அவர் முகத்தில் தெரியும் வியப்பே போதுமான கூலி. ரோட்டரி 1985 முதல் முன்னெடுக்கும் போலியோ ஒழிப்பிலோ பலன் என்பது வராமல் போன நோய். அதை யாரும் நேரில் பார்க்க முடியாது. அதற்குப் பொறுமை வேண்டும். உடனடிப் பலனை நாடுபவருக்கு லயன்ஸே பொருந்தும் என்பது என் கருத்து.

உறுப்பினர் சந்தா இரண்டிலும் உண்டு. தொண்டு செய்யப் பணமும் கட்ட வேண்டுமா என்று சிலர் திகைப்பதுண்டு. இளையோருக்கு லயன்ஸில் 12 வயதிலிருந்தே லியோ சங்கங்கள் உள்ளன. ரோட்டரியின் இளையோர் அமைப்பான ரோட்டராக்டில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.