பூந்திக்கொட்டைச் சாற்றுத் தூள் வாங்க இருப்பவர்கள் கவனத்திற்கு: என் 14,800 ரூபாய் போயிற்று

கும்பகோணம், திருபுவனம் பக்கம் பட்டுப் புடவை சலவை செய்து தருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பிறகு பணம் அனுப்புங்கள். "பூந்திக்கொட்டையிலிருந்து இறக்கிய சாற்றுத் தூள்" என்று ஓர் இணைய விற்பனைத் தளத்தில் பத்து கிலோ வாங்கி, 14,800 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன்.

சோப்பின் காரம் பட்டிழையைக் கெடுக்கும். பூந்திக்கொட்டைத் தோலில் உள்ள சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருளோ லேசான அமிலத்தன்மையிலேயே நுரைத்து அழுக்கை எடுக்கும். எங்கள் போர் தண்ணீரின் உப்புக்கு அது சோப்பைப் போலத் திரிவதில்லை. ஆனால் கொட்டையை நீக்கி, தோலை இரவெல்லாம் ஊறவைத்து, இளஞ்சூட்டில் காய்ச்சி, பிசைந்து, துணியில் வடிகட்டியும் அந்தச் சாறு சில நாட்களிலேயே நொதித்துப் போகும் என்பதால்தான், முகூர்த்த மாதங்களின் வேலை நெருக்கடிக்குத் தூளாகக் கிடைத்தால் நல்லது என்று நினைத்தேன்.

விற்பவர் தோலைக் காய்ச்சும் காணொளியை அனுப்பினார். அதைவிட, தொலைபேசியில் அவர் சொன்ன ஒரு சொல்தான் என்னை நம்ப வைத்தது: "கொட்டையோட அரைச்சா எடைதான் கூடும், நுரை கூடாது அக்கா." தொழில் தெரிந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய உண்மை அது. அன்றே 14,800 ரூபாயையும் முழுதாகக் கட்டினேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் பூந்திக்கொட்டைக்கே உரிய புளித்த பழவாடை இல்லை. நிறம் மட்டும் பழுப்பு. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுக் கையை வைத்த உடனே பெரிய பெரிய குமிழிகளாக நுரை பொங்கியது. அசல் சாறு அடித்துக் கலக்கினால்தான் பொடி நுரையாக எழும். என்னுடைய பழைய அரக்குப் புடவையின் முந்தானையை நனைத்துப் பார்த்தேன், சாயம் இறங்கிவிட்டது. வேதியியல் ஆசிரியரான என் கொழுந்தனார், வயலுக்கு வாங்கிய பொட்டாஷ் உரத்தைக் கரைத்து வடிகட்டி, அந்தத் தெளிவை இந்தத் தூள் கரைசலில் விட்டார். வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்தது. நாங்களே காய்ச்சிய சாற்றில் அப்படி எதுவும் நடக்கவில்லை. சோடியம் லாரில் சல்பேட் என்ற செயற்கை நுரைப்பான் கலந்திருந்தால் இப்படித் திரியும் என்றார். உரத்தில் உள்ள பொட்டாசியம் அதோடு சேர்ந்து உண்டாகும் உப்பு சாதாரணச் சூட்டில் சரியாகக் கரையாதாம்.

அதன் பிறகுதான் அலைக்கழிப்பு தொடங்கியது. முதலில் "உங்க தண்ணி சரியில்லை அக்கா" என்றார். மறுநாள் "இது புது பேட்ச், அப்படித்தான் இருக்கும் மேடம்" என்றார். பிறகு என் எண்ணையே முடக்கிவிட்டார். தளத்தின் வாடிக்கையாளர் சேவையோ, பிரித்த பொட்டலத்தைத் திரும்பப் பெற இயலாது என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. பிரிக்காமல் தூளை எப்படிச் சோதிப்பதாம்? அதற்கு மட்டும் பதில் இல்லை. 14,800 ரூபாய் என்பது எங்களைப் போன்ற சிறிய சலவைத் தொழிலில் எத்தனை புடவைகளின் கூலி என்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது!

விரிவாக வழிமுறை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. காணொளியை நம்பாதீர்கள். முதலில் நூறு கிராம் மட்டும் வாங்கி மேலே சொன்ன பொட்டாஷ் சோதனையைச் செய்யுங்கள். வேறு சில செயற்கை நுரைப்பான்கள் அதில் திரியாமல் தப்பிவிடும் என்பதால் வாடையையும் நுரையையும் சேர்த்தே பாருங்கள். பொட்டலம் பிரிப்பதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை.